நாலரைக்கெல்லாம் இருட்டிடும், சீக்கிரம் கிளம்பு!

செப்டம்பர்ல படிக்க வந்து இறங்கின தங்கச்சிங்க, நவம்பர் நெருங்கினதும் தவறாம ஒரு கேள்வி கேப்பாங்க: "அக்கா, ஒரு நாள் தனியா லண்டன் சுத்தணும், எங்கெல்லாம் போலாம்?" எங்கன்றதை அப்புறம் பாத்துக்கலாம். முதல்ல பொழுது எப்ப சாயுதுன்னு பாரு.

ஊர்ல இருந்தவரைக்கும் நமக்கு இது ஒரு விஷயமே இல்ல. சென்னையோ மதுரையோ, வருஷம் முழுக்க ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்ன பின்னதான் இருட்டும். இங்க அக்டோபர் கடைசி ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. சனிக்கிழமை அஞ்சே முக்கால் வரைக்கும் இருந்த வெளிச்சம், ஞாயித்துக்கிழமை நாலே முக்காலுக்கே போயிடும். நவம்பர் நடுவுல 4.10க்கு சூரியன் இறங்கிடும். நாலரைக்கு மேல தெருவிளக்குதான். இலையெல்லாம் பழுத்து நிறம் மாறி நிக்கிறதும் சரியா இந்தச் சமயத்துலதான், அக்டோபர் கடைசியிலேருந்து நவம்பர் பாதி வரைக்கும். பதினோரு மணி வரைக்கும் தூங்கிட்டு, நேரா ஒரு மியூசியத்துக்குள்ள போய், நாலு மணிக்கு மேல வெளிய வந்தேன்னா நீ இலையுதிர்காலம் பாக்கவே இல்ல.

அதனால என் கணக்கு எப்பவும் இதுதான். வெளிச்சம் இருக்கிறவரைக்கும் மரத்தடியில, இருட்டினதும் கூரைக்குக் கீழ. ஒரு நாளைக்கு ஒரு காடு, ஒரு பஸ், ஒரு கட்டிடம். அதுக்கு மேல சேக்காதே. டவர் பிரிட்ஜ், பக்கிங்ஹாம் அரண்மனை, லண்டன் ஐ எல்லாம் அம்மா அப்பா வரும்போது எப்படியும் கூட்டிட்டுப் போகத்தான் போற. தனியா இருக்கிற நாளை அதுல செலவழிக்காதே.

எந்த நாள், எந்த கார்டு

வெள்ளிக்கிழமை கிளாஸ் இல்லன்னா அதைவிட நல்ல நாள் கிடையாது. நேஷனல் கேலரி அன்னிக்கு ராத்திரி ஒன்பது வரைக்கும் திறந்திருக்கும், மத்த நாள்ல ஆறு மணிக்கே வெளிய அனுப்பிடுவாங்க. பிரிட்டிஷ் மியூசியமும் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியமும் வெள்ளிக்கிழமை லேட்டாதான் மூடும். மூணுக்கும் நுழைவு இலவசம். சனி ஞாயிறுன்னா, தண்டவாள வேலைன்னு ஏதாவது ஒரு லைனை மூடியிருப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி பாத்துக்கோ.

காலைல 9.30க்கு அப்புறம் டியூப்ல கார்டைத் தட்டு. அதுக்கு முன்னாடி தட்டினா பீக் கட்டணம், அதுவும் போக நிக்க இடம் இருக்காது. சாயங்காலம் 4லேருந்து 7 வரைக்கும் மறுபடியும் பீக். நான் சொல்ற வழியில அந்த நேரம் நீ பஸ்லயும் கேலரியிலயும் இருப்ப, பஸ்ல எந்நேரமும் ஒரே கட்டணம்தான். 16-25 ரயில்கார்டு வாங்கியிருந்தா டியூப் ஸ்டேஷன்ல இருக்கிற ஊழியர்கிட்டக் குடுத்து ஆய்ஸ்டர் கார்டோட சேத்துக்கோ. பீக் இல்லாத நேரத்துல கட்டணத்துல மூணுல ஒரு பங்கு குறையும். நிறைய பிள்ளைங்க ரயில்கார்டை வாங்கி வெச்சிருப்பாங்க, ஆனா சேத்திருக்க மாட்டாங்க.

டியூப்ல ஏறும்போதும் இறங்கும்போதும் தட்டணும், பஸ்ல ஏறும்போது மட்டும். ஃபோன்ல தட்டுறது ஸ்டைலாத்தான் இருக்கும். குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கி, வெளிய வர்ற கேட்ல ஃபோன் செத்துப்போச்சுன்னா, பயணம் முடியலன்னு அதிகபட்சக் கட்டணத்தைப் பிடிச்சிடுவாங்க. கார்டையே தட்டு. காலைல கார்டு, மதியம் ஃபோன்னு மாத்தி மாத்தித் தட்டினா, ரெண்டும் ஒரே வங்கிக் கணக்கா இருந்தாலும் தனித்தனி ஆளாத்தான் கணக்கு வரும். ஒரு நாள் உச்சவரம்புச் சலுகை கிடைக்காது. பஸ்ல காசு வாங்குறதை 2014லயே நிறுத்திட்டாங்க.

உடுப்பு

பெரிய தடிமனான கோட் ஒண்ணு மட்டும் போட்டுட்டு வராதே. மேடு ஏறினா வேர்க்கும், டியூப்ல புழுங்கும், மலை மேல நின்னா காத்து எலும்பு வரைக்கும் போகும். உள்ள தெர்மல், மேல ஸ்வெட்டர், அதுக்கு மேல தொப்பி வெச்ச ரெயின் ஜாக்கெட். குடை வேண்டாம், இங்க அடிக்கிற காத்துல பூ மாதிரி மலந்துடும். ஒரு கழுத்துத் துண்டு, ஒரு ஜோடி கையுறை. கூலிங் கிளாஸும் எடுத்துக்கோ, சிரிக்காதே. நவம்பர் சூரியன் தலைக்கு மேல ஏறவே ஏறாது, மத்தியானத்துலயும் நேரா கண்ணுக்குள்ளதான் அடிக்கும்.

ஷூதான் முக்கியம். வெள்ளை ஸ்னீக்கர் போட்டு வந்தா அன்னியோட அது அவுட். நீ போகப்போற ஹாம்ப்ஸ்டெட் ஹீத்ல தரை பூராவும் களிமண், ஒரு தூறல் போட்டாலே வழுக்கும். ஊருக்குள்ள பிளேன் மரத்து இலை, நம்ம கையைவிட அகலமா, நனைஞ்சு நடைபாதையோட ஒட்டிக் கிடக்கும். அது மேல வேகமா கால் வெச்சா உக்கார வெச்சுடும். அடியில நல்லா பிடிமானம் இருக்கிற பழைய ஷூ போதும். கோட் வாங்கணும்னா புதுசுக்குப் போகாதே. ஹாம்ப்ஸ்டெட் மாதிரி பணக்காரங்க இருக்கிற ஏரியா சேரிட்டி ஷாப்கள்ல நுழைஞ்சு பாரு, ஒரு சீசன் போட்டுக் குடுத்துட்டுப் போன கம்பளிக் கோட்டெல்லாம் தொங்கும்.

ஹாம்ப்ஸ்டெட் ஹீத்

ஹைட் பார்க் அழகுதான், ஆனா அது வகிடெடுத்துச் சீவின அழகு. ஹீத் கிட்டத்தட்ட 320 ஹெக்டேர், பாதி காடு, பாதி புல்வெளி, நடுநடுவுல குளங்கள். உள்ள போய்ப் பத்து நிமிஷம் நடந்தா லண்டன்ல இருக்கோம்னே தோணாது.

நார்தர்ன் லைன்ல ஹாம்ப்ஸ்டெட் ஸ்டேஷன்ல இறங்கணும். அந்த லைன் கேம்டன் டவுன்ல ரெண்டாப் பிரியும், அதனால ரயில் முகப்புல 'எட்ஜ்வேர்'னு போட்டிருக்கான்னு பாத்து ஏறு. 'ஹை பார்னெட்'னு போட்டதுல ஏறினா வேற பக்கம் போயிடுவ. இறங்கினதும் லிஃப்ட்லதான் வரணும். லண்டன் டியூப்லயே ஆழமான ஸ்டேஷன் இது, தரைக்குக் கீழ 58.5 மீட்டர், படி 320க்கு மேல. வீரம் காட்டாதே, கால் இன்னிக்குப் பூரா வேணும்.

அங்கிருந்து வடக்குப் பக்கம் மரங்களுக்குள்ள நடந்து கென்வுட் ஹவுஸ் போ. மேப்பை முன்னாடியே ஃபோன்ல டவுன்லோட் பண்ணி வெச்சுக்கோ. ஒத்தையடிப் பாதை நிறைய, வழி தவறத்தான் செய்யும், தவறினா ஒண்ணும் இல்ல. பீச் மரத்தைக் கவனி. மத்த மரம் மஞ்சளாகி உதிர்ந்துடும். பீச் இலை செம்பு நிறத்துக்குப் போய் அப்படியே நிக்கும், வெயில் பின்னாடியிருந்து அடிச்சா விளக்கேத்தின மாதிரி தெரியும். கீழ முள்ளுக் கூடு விழுந்து கிடக்கும், அதுல ரெண்டு வகை. முள் ஊசி ஊசியா நெருக்கமா, உள்ள இருக்கிற கொட்டைக்கு நுனியில சின்ன வால் இருந்தா அது ஸ்வீட் செஸ்நட், வறுத்துத் திங்கிறது. முள் குட்டையா அங்கொண்ணு இங்கொண்ணா, கொட்டை வழவழன்னு உருண்டையா இருந்தா ஹார்ஸ் செஸ்நட், பசங்க கான்கர்னு சொல்லி விளையாடுறது. பாக்க அதுதான் பளபளன்னு இருக்கும், ஆனா விஷம். எதையும் பொறுக்கி வாயில போடாதே. ராயல் பார்க்ஸ் பூங்காக்கள்ல பொறுக்கவே கூடாது. செஸ்நட் ஆசைன்னா தேம்ஸ் கரையோரத்துல வண்டியில வறுத்து விப்பாங்க, வாங்கித் தின்னு. காளானைத் தொடவே வேண்டாம்.

நாய்க்குப் பயப்படுற ஆளா நீ? இங்க எல்லாரும் கயித்தை அவுத்து விட்டுடுவாங்க, அது பாட்டுக்கு ஓடி வரும். ஓடாதே, கத்தாதே. கையை உடம்போட ஒட்டி வெச்சுட்டு அப்படியே நில்லு, ஓனரைப் பாத்து "நாய்னா எனக்குக் கொஞ்சம் பயம்"னு சொல்லிடு. யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, உடனே கூப்பிட்டுப்பாங்க. டிபன் பாக்ஸை மட்டும் புல்தரையில திறந்து வைக்காதே, பெஞ்ச்ல உக்காந்து சாப்பிடு. லெமன் சாதம் வாசனை நாய்க்கும் பிடிக்கும்.

கென்வுட் பத்து மணிக்குத் திறக்கும், உள்ள போக இலவசம், குளிர்காலத்துல சாயங்காலம் சீக்கிரம் மூடிடுவாங்க. அழகான பங்களாதானேன்னு தாண்டிப் போயிடாதே. உலகத்துலயே 35 வாக்குலதான் வெர்மீர் ஓவியம் இருக்கு, அதுல ஒண்ணு இங்க இருக்கு, கிடார் வாசிக்கிற பொண்ணு. 1974ல இதைத் திருடிட்டுப் போய், சில மாசம் கழிச்சு நகரத்துல ஒரு சர்ச்சோட கல்லறைத் தோட்டத்துல கண்டுபிடிச்சாங்க. கிட்டப் போய்ப் பாரு. முகத்துக்குக் குடுத்த முக்கியத்துவத்தை விரலுக்கும் குடுத்திருப்பார், தந்தி கொஞ்சம் மங்கலா அதிர்ற மாதிரி வரைஞ்சிருப்பார். ரெம்பிராண்ட் வயசான காலத்துல தன்னைத்தானே வரைஞ்ச படமும் இங்கதான்.

இந்த வீட்டுல வளந்த டைடோ பெல் கதையையும் தெரிஞ்சுக்கிட்டுப் போ. 1761ல பிறந்தவ. அம்மா மரியா, அடிமையா இருந்த ஆப்பிரிக்கப் பெண். அப்பா கடற்படை அதிகாரி, வீட்டுக்காரர் மான்ஸ்ஃபீல்ட் பிரபுவோட அக்கா தங்கை வழி மருமகன். அந்தப் பிரபுதான் அப்ப இங்கிலாந்தோட தலைமை நீதிபதி. இங்கிலாந்துக்கு வந்துட்ட அடிமையை வலுக்கட்டாயமா நாட்டை விட்டுக் கொண்டுபோக முடியாதுன்னு 1772ல தீர்ப்பு சொன்னவர். அந்தத் தீர்ப்பு சொன்ன வருஷம் இந்தப் பொண்ணு அவர் வீட்டுலதான் வளந்துட்டிருக்கா. ரூம் ரூமா நடக்கும்போது எனக்கு லைப்ரரியோட அலங்காரக் கூரையைவிட இதுதான் மண்டையில ஓடும்.

வெளிய வந்து குளத்தைப் பாத்தா ஒரு ஓரத்துல வெள்ளைப் பாலம் தெரியும். நடந்து போய்ப் பின்பக்கம் பாரு, ஒண்ணும் இருக்காது. பதினெட்டாம் நூற்றாண்டு சினிமா செட்.

சாமி கும்பிட்டா மனசு லேசாகும்னு நினைக்கிற ஆளுன்னா, வாசல்ல 210ஆம் நம்பர் பஸ் பிடிச்சு ஹைகேட் போயிடலாம். ஆர்ச்வே ரோட்டுல முருகன் கோயில் இருக்கு, இலங்கைத் தமிழர்கள் கட்டி எழுப்பினது. நடை திறக்கிற நேரத்தை முன்னாடியே பாத்துக்கோ. மத்தவங்க தெக்கே நடந்து பார்லிமென்ட் ஹில் போங்க. 98 மீட்டர்தான் உயரம், ஆனா மொத்த லண்டனும் காலடியில கிடக்கும். செயின்ட் பால்ஸ் கதீட்ரல் கும்பம் மறையுற மாதிரி நடுவுல எதுவும் கட்டக் கூடாதுன்னு இங்கிருந்து தெரியுற காட்சிக்கே விதி போட்டு வெச்சிருக்காங்க. கும்பத்தைத் தேடிக் கண்டுபிடி. ஷார்டுங்கிற உயரக் கட்டிடத்துக்குப் பக்கத்துல சுண்டைக்காய் சைஸ்ல தெரியும்.

ரெண்டரைக்குள்ள இறங்க ஆரம்பிச்சிடு. ஹீத்ல பெரும்பாலான பாதையில விளக்கு கிடையாது. சூரிய அஸ்தமனம் அழகா இருக்கும்னு உக்காந்துட்டு, அப்புறம் இருட்டுல ஒத்தையா இறங்குற வேலை வேண்டாம்.

24ஆம் நம்பர் பஸ்

மலையடிவாரத்துல சவுத் எண்ட் கிரீன். அங்கிருந்துதான் 24 கிளம்பும், அதனால மாடியில முன் சீட் கிடைக்க வாய்ப்பு அதிகம். கேம்டன் வழியா டிரஃபால்கர் சதுக்கம் வரைக்கும் ஊரைக் காட்டிட்டே போகும். டூரிஸ்ட் பஸ்ஸுக்குக் குடுக்கிற காசை மிச்சம் பிடி.

மதியம் சரியா சாப்பிடலன்னா வழியில ஹாம்ப்ஸ்டெட் ரோட்டுல இறங்கி டிரம்மண்ட் ஸ்ட்ரீட்டுக்குள்ள போ. யூஸ்டன் ஸ்டேஷனுக்குப் பின்பக்கம், இந்திய சைவ ஹோட்டல்கள் வரிசையா இருக்கிற தெரு. தோசை நம்மூர் தோசை மாதிரி இருக்கும்னு நான் கேரண்டி குடுக்கல. ஆனா நாள் பூரா குளிர்ல நடந்த வயித்துக்கு சாம்பார்னு ஒண்ணு சூடா வந்தாலே போதும். முதல் பஸ்ல தட்டின நேரத்துலேருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள அடுத்த பஸ்ல ஏறிட்டா அதுக்குக் கட்டணம் கிடையாது. அதுக்காக அவசர அவசரமா முழுங்காதே.

தனியா ஹோட்டல்ல உக்காந்து சாப்பிட ஒரு கூச்சம் இருக்கும், தெரியும். வாசல்ல விரலைக் காட்டி "ஒன்"னு சொல்லு, அவ்வளவுதான். லண்டன்ல மத்தியானம் பாதிப் பேர் தனியாத்தான் சாப்பிடுறாங்க. இதுவும் வேண்டாம்னா எந்த சூப்பர் மார்க்கெட்லயும் மீல் டீல் கிடைக்கும்: சாண்ட்விச், ஒரு கொறிக்கிறது, ஒரு கூல்டிரிங்க். லேபிள்ல பச்சையா 'வெஜிடேரியன்'னு போட்டதான்னு பாத்து எடு.

அம்மாகிட்ட பேசுறதையும் இந்த நேரத்துலயே முடிச்சுடு. கடிகாரம் மாறினதும் ஊருக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் நாலரை மணி நேரத்துலேருந்து அஞ்சரை ஆயிடும். மூணரைக்குக் கூப்பிட்டா அங்க ஒன்பது. ஆறு மணிக்குக் கூப்பிட்டா பதினொன்னரை, பதறிடுவாங்க.

இருட்டின பிறகு

டிரஃபால்கர் சதுக்கத்துல இருக்கிற நேஷனல் கேலரியில ஆயிரக்கணக்கில ஓவியம் இருக்கு. எல்லாத்தையும் பாக்கணும்னு ஆரம்பிச்சா எட்டாவது ரூம்ல கண் சொருகும். மூணு போதும். ஒவ்வொண்ணுக்கும் முன்னாடி பெஞ்ச் இருந்தா உக்காரு. வான் கா வரைஞ்ச சூரியகாந்தி, 1888. டர்னர் வரைஞ்ச பழைய போர்க்கப்பல் டெமரேர், 1839. உடைக்கிறதுக்கு இழுத்துட்டுப் போற கப்பல், பின்னாடி செக்கச்செவேல்னு வானம். உன் பர்ஸ்ல 20 பவுண்டு நோட்டு இருந்தா எடுத்துப் பாரு, டர்னர் முகத்துக்குப் பின்னாடி இந்தக் கப்பல்தான். மூணாவது வான் ஐக் வரைஞ்ச அர்னோல்ஃபினி தம்பதி, 1434. எவ்வளவு சின்னதுன்னு ஆச்சரியப்படுவ. நடுவுல இருக்கிற வட்டக் கண்ணாடிக்குள்ள பாரு, அந்த ஜோடியோட முதுகும், வாசல்ல நிக்கிற இன்னும் ரெண்டு பேரும் தெரிவாங்க. அன்னிக்குக் காட்சியில இருக்கான்னு வாசல்ல கேட்டுக்கோ. வாசல்ல பை சோதனை உண்டு, பெரிய பை எடுத்துட்டு வராதே.

கால் இன்னும் தாங்குதுன்னா ஸ்ட்ராண்ட் வழியா வாட்டர்லூ பாலத்துக்கு நட. ஒரு பக்கம் பார்லிமென்ட், இன்னொரு பக்கம் செயின்ட் பால்ஸ், ரெண்டும் விளக்கோட. ரெண்டாம் உலகப் போர் நடந்தப்ப ஆம்பிளைங்க சண்டைக்குப் போயிட்டதால, இந்தப் பாலத்தைக் கட்டினதுல பெண் தொழிலாளிங்க பங்கு பெருசு. 1945ல திறப்பு விழாவுல பேசினவர் ஆண்களை மட்டும் பாராட்டிட்டு உக்காந்துட்டார். படகுக்காரங்க மட்டும் இதைப் 'பெண்கள் பாலம்'னு சொல்லிட்டே இருந்தாங்க. எதிர்க்கரையில ராயல் ஃபெஸ்டிவல் ஹாலும் நேஷனல் தியேட்டரும். டிக்கெட் இல்லாமலே உள்ள போய் சூடான இடத்துல உக்காரலாம், டாய்லெட் இருக்கு. டியூப் ஸ்டேஷன்ல டாய்லெட் இருக்கும்னு நம்பிப் போகாதே, பெரும்பாலும் இருக்காது. மியூசியம், பெரிய ரயில் ஸ்டேஷன், இந்த மாதிரி அரங்கம், இதையெல்லாம் மனசுல குறிச்சு வெச்சுக்கோ. பீரியட்ஸ் நாள்ல இது ஒண்ணு தெரிஞ்சாலே பாதி டென்ஷன் போயிடும்.

பயமுறுத்தல, சொல்லி வைக்கிறேன்

லண்டன்ல பொம்பளைப் பிள்ளை தனியா நடக்கிறது யாருக்கும் செய்தியே இல்ல, யாரும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டாங்க. இங்க கண் வைக்கிறது உன் ஃபோன் மேலதான். ரோட்டோரத்துல நின்னு மேப் பாத்துட்டு இருப்ப, எலெக்ட்ரிக் சைக்கிள்ல வந்து பிடுங்கிட்டுப் போயிட்டே இருப்பான். மேப் பாக்கணும்னா கடை வாசலுக்குள்ள ஒதுங்கி, சுவத்துக்கு முதுகைக் காட்டி நின்னு பாரு. ஃபோட்டோ எடுக்கச் சொல்லணும்னா குழந்தையோட வந்த குடும்பத்துகிட்டக் குடு. வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்துல மூணு கப்பைக் கவுத்து வெச்சு 'பந்து எதுல'ன்னு கேப்பான். சுத்தி நின்னு ஜெயிக்கிறவங்க எல்லாம் அவன் ஆளுங்க. பூவைக் கையில திணிச்சா வாங்காதே.

கூட இருக்கிற ரூம்மேட்டுக்கு லைவ் லொகேஷன் அனுப்பிட்டுக் கிளம்பு. ரயில்ல எவனாவது தொந்தரவு பண்ணினா சத்தம் போட முடியலன்னாலும் 61016க்கு மெசேஜ் அனுப்பு, அது ரயில்வே போலீஸ். உடனடி ஆபத்துன்னா 999.

பாதியில அலுத்துப்போச்சுன்னா வீட்டுக்குத் திரும்பிடு. யார் கேக்கப் போறா? கேலரியை விட்டுட்டு ஹீத்ல ரெண்டு மணி நேரம் கூட உக்காந்தாலும் சரி, கென்வுட் பிடிக்கலன்னு பத்து நிமிஷத்துல வெளிய வந்தாலும் சரி, கூட வந்தவளுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்ல. ஃப்ரெண்ட்ஸோட போனா ஃபோட்டோ நல்லா வரும். தனியா போனாத்தான் நமக்கு என்ன பிடிக்கும்னு தெரியவரும், அதுக்குத்தான் உன்னை வருஷத்துக்கு ஒரு தடவையாவது போகச் சொல்றேன்.

நார்தர்ன் லைன் வெள்ளி, சனி ராத்திரி விடிய விடிய ஓடும், அதனால கடைசி ரயில் கவலை இல்ல. வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழட்டி, சேறு காய்ஞ்சதும் தட்டி எடு. உள்ள பேப்பரைக் கசக்கித் திணிச்சு ஜன்னல் பக்கம் வை. சீக்கிரம் காயட்டும்னு ரேடியேட்டர் மேல வெச்சுடாதே, அடிப்பாகம் பசை விட்டுப் போயிடும்.